படுத்திருக்கும் கோடு

“மலை மாதிரி இருக்கே மேடம். ஏறுது, உச்சியில கொஞ்ச தூரம் சமமா போகுது, அப்புறம் இறங்குது. அப்போ லிஃப்ட் மேல போச்சு, நின்னுச்சு, திரும்பக் கீழ வந்துச்சு. சரிதானே?”

“தப்பு.”

“எது தப்பு?”

“எல்லாமே தப்பு சார். அது மலை இல்ல. நடுவுல லிஃப்ட் நிக்கவும் இல்ல, திரும்பி வரவும் இல்ல. மேல மட்டும்தான் போச்சு.”

“பின்ன இறங்குதே?”

“வேகம் இறங்குது. லிஃப்ட் இறங்கல.”

மேலாளர் அந்தத் தாளைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார், கடைசியில் தலையைச் சாய்த்தும் பார்த்தார். தலையைச் சாய்த்தால் மலை மடுவாகிவிடும் என்று நம்பிக்கை போலிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்தவள் அவரை, ஜன்னல் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருக்கும் ஈயைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். உண்மையில் ஈயின் மேல் அவளுக்கு இதைவிட மரியாதை இருந்தது. அது சம்பளம் வாங்கிக்கொண்டு முட்டவில்லை.

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர். ஒல்லியாக, வளையாமல் இருப்பாள் என்பது ஒரு காரணம். அடிப்பதற்கும் அதைத்தான் எடுப்பார்கள் என்பது இன்னொரு காரணம். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவள் ‘மேடம்’தான். லிஃப்ட் பொருத்தும் அந்த நிறுவனத்தில், புதிதாகப் பொருத்திய ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, கருவி வரைந்து தரும் கோடுகளைப் படித்து, இதில் மனிதர்கள் ஏறலாம் என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. ஏறப்போகும் மனிதர்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. லிஃப்ட்களைப் பற்றி உண்டு.

உலகத்தை அவள் சிறு வயதிலேயே இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டாள். கோட்டைப் பார்த்தவுடன் அதைப் பாதை என்று நினைப்பவர்கள் ஒரு கட்சி. விலை ஏறும் வேகம் குறைந்தது என்று செய்தித்தாளில் ஒரு கோடு சரிந்தால், விலையே குறைந்துவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்புகிறவர்கள் அவர்கள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள், பாடம் நடத்தியவர்களில் பாதிப் பேர், மேலாளர், மேலாளருக்கு மேலாளர் எல்லோரும் அந்தக் கட்சி. இன்னொரு கட்சியில் அவள் இருந்தாள். உறுப்பினர் சேர்க்கை நடக்கவில்லை.

“அப்போ இந்தச் சமமான இடத்துல லிஃப்ட் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு?” என்று கேட்டார், மேலாளருக்குப் பக்கத்தில் இருந்த பாதுகாப்பு அதிகாரி. அறைக்குள்ளும் தலைக்கவசத்தைக் கழற்றாத மனிதர். உள்ளே பாதுகாக்கும்படி என்ன வைத்திருக்கிறார் என்று அவள் பலமுறை யோசித்திருக்கிறாள்.

“ஆமா. ஒரே சீரான வேகத்துல. இது வேகத்தோட கிராஃப். கோடு மட்டமா இருந்தா வேகம் மாறலன்னு அர்த்தம். நின்னிருந்தா கோடு கீழ, அடியில போய் ஒட்டிக்கிட்டிருக்கும்.”

“கடைசில செங்குத்தா விழுதே?”

“அது நான் நிறுத்தினது.”

“எப்போ?”

“கத்தினப்போ.”

மேலாளர் தாளை மேசைமேல் வைத்தார்.

முந்தாநாள் ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் சோதனை ஓட்டம். அவள் மொட்டை மாடி எந்திர அறையில், மடிக்கணினியும் வாக்கி டாக்கியுமாக. மெக்கானிக் மூன்றாம் மாடியில், திறந்து வைத்த லிஃப்ட் கதவருகே. கூண்டு ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் ஒரு இரும்பு எடை இறங்கும். அது ஓடும் தண்டவாளத்தில் ஒரு கந்தல் துணி சிக்கியிருந்ததை மெக்கானிக் பார்த்துவிட்டான். எடுக்கக் கையை விட்டான். மேலேயிருந்து எடை இறங்கி வந்தது. வலது கையில் இரண்டு விரல் நசுங்கிப்போனது.

அந்த மெக்கானிக் அவளுடைய தங்கையின் கணவன்.

“நீங்க சொந்தக்காரங்க. இந்த விஷயத்துல சங்கடம் ஒண்ணும் இல்லையே மேடம்?” என்றார் மேலாளர்.

“கோட்டுக்குச் சொந்தக்காரங்க கிடையாது சார்.”

மேலாளர் சந்தோஷப்பட்டார். நல்ல வசனம் கேட்டால் அவருக்கு வேலை முடிந்துவிட்டதுபோல் ஒரு திருப்தி வந்துவிடும். “அப்ப விஷயம் சிம்பிள். கை விடறதுக்கு முன்னாடி ‘நிறுத்துங்க’ன்னு சொல்லணும். மேலேருந்து ‘நிறுத்தியாச்சு’ன்னு பதில் வரணும். அதுக்கப்புறம்தான் கை உள்ள போகணும். அவர் ‘நிறுத்துங்க’ன்னு சொன்னாரா?”

“இல்ல.”

“வேற ஏதாவது கேட்டாரா?” என்றது தலைக்கவசம்.

“கோடு எப்படி இருக்குன்னு கேட்டார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வேகம் சீரா இருக்குன்னு சொன்னேன்.”

இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. ஏனென்றால் அது பொய் இல்லை. மொழிபெயர்ப்பு. அவள் அன்றைக்குச் சொன்னது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லின் பொருள் இதுதான். என்ன சொல் என்று கேட்கவேண்டும் என்று எதிரே இருந்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்காக அவர்களை அவள் இன்னும் கொஞ்சம் இளப்பமாக நினைத்தாள். அப்படி நினைப்பது அந்த நேரத்தில் சௌகரியமாகவும் இருந்தது.

“சொல்லியும் கைய விட்டிருக்கார்னா, கிராஃப் புரியலன்னுதானே அர்த்தம்?” மேலாளர் மேசையை விரலால் தட்டினார். “அப்படியே எழுதிடுங்க. அவரும் எனக்குப் புரியலன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டா முடிஞ்சுது. லிஃப்ட் ஷாஃப்ட்ல வேலை செய்யற லைசென்ஸ் போயிடும். பரவாயில்ல, கீழ வாட்ச்மேன் வேலை எதாவது பாத்துக் கொடுத்துடலாம். நாளைக்குக் காலைல கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

அறிக்கைத் தாளை வாங்கிக்கொண்டு எழுந்தாள். ‘வேகம்’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘உயரம்’ என்று எழுதியிருந்தார்கள். நின்ற நிலையிலேயே அதை அடித்துத் திருத்தினாள்.

*

அவனைப் பற்றி அவளுக்கு இருந்த அபிப்பிராயம் புதியதல்ல. மனிதர்களை அவள் கோடுகளாகத்தான் பார்ப்பாள். மேலாளர் படிக்கட்டு வடிவம்: வருஷக்கணக்கில் ஒரே மட்டத்தில் உட்கார்ந்திருந்து, பதவி உயர்வு வரும் நாளில் மட்டும் திடீரென்று ஒரு தாவல். தங்கை அலை: அழுவாள், சிரிப்பாள், அழுவாள், இரண்டும் ஒரே அகலம், ஒரே உயரம். தங்கையின் கணவன் மாறிலி. எந்த எக்ஸைக் கொடுத்தாலும் அதே ஒய். “சரிக்கா” என்பான். வைதாலும் “சரிக்கா”, சோறு போட்டாலும் “சரிக்கா”. கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வந்தவன், அவள் அறைச் சுவரில் மாட்டியிருந்த பரவளைய வரைபடத்தை நின்று பார்த்துவிட்டு, “தொட்டில் படம் நல்லா இருக்குக்கா” என்றான். அன்றைக்கே அவனை அவள் கழித்துவிட்டாள். எதிலிருந்து என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மொத்தத்திலிருந்து.

அவனோடு வேலை செய்யவேண்டி வந்தது விதி. சோதனைக்கு வரும் மெக்கானிக்குகளில் ஒருவன்கூட அவளிடம் தாக்குப்பிடிக்கவில்லை. இவன் மட்டும் தாக்குப்பிடித்தான். காரணம் பொறுமை இல்லை, அவனுக்கு உறைப்பதே இல்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

முந்தாநாள் காலையில் திரையில் உயரம்–நேரம் வரைபடத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மாடியிலும் கூண்டு சரியான மட்டத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு அதுதான் வசதி. ஏறும்போது கோடு சாய்வாக ஏறும், நிற்கும்போது மட்டமாகிவிடும். ஓட்டம் தொடங்குவதற்கு முன் அவன் மேலே வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான்.

“கோடு ஏன்க்கா படுத்துடுச்சு? ரிப்பேரா?”

“ரிப்பேர் உன் மண்டையில. படுத்தா வண்டி நின்னுடுச்சுன்னு அர்த்தம். நேரம் ஓடுது, உயரம் மாறல. இதுகூடத் தெரியாம எத்தனை வருஷமா லிஃப்ட் வேலை பாக்கறே?”

“படுத்தா நிக்குது,” என்று அவன் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான், குழந்தை மாத்திரை விழுங்குவதுபோல. “படுத்தா நிக்குது. சரிக்கா. மனசுல ஏத்திக்கிட்டேன்.”

“ஏத்திக்க. எடம் காலியாத்தான் இருக்கும்.”

அவன் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனான். அன்று காலை முழுவதும் அதுவே அவர்களுக்குள் வழக்கமாகிவிட்டது. கீழேயிருந்து “கோடு எப்படிக்கா?” என்று வாக்கி டாக்கி கரகரக்கும். “படுத்திருக்கு” என்பாள் இவள். அவன் கையை விட்டு, துடைக்கவேண்டியதைத் துடைத்து, முடுக்கவேண்டியதை முடுக்கிவிட்டு, “ஆச்சுக்கா” என்பான். ‘நிறுத்துங்க’, ‘நிறுத்தியாச்சு’ என்பதெல்லாம் புத்தகத்தில் இருந்தது. அவர்களுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. இந்த மந்தனுக்கும் ஒன்றைக் கற்றுக் கொடுத்துவிட்டோமே என்று அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம்கூட இருந்தது. நாய்க்குட்டி முதல்முறை ‘உட்கார்’ என்றதும் உட்காரும்போது வருமே, அந்த மாதிரியான கர்வம்.

மத்தியானம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும் திரையை மாற்றினாள். உயர வரைபடம் அவளுக்கு எப்போதுமே சலிப்பு. கூண்டு எங்கே இருக்கிறது என்று காட்டும் கோட்டைப் பள்ளிப் பிள்ளைகூடப் படிக்கும். எப்படிப் போகிறது என்று காட்டுவது வேகக் கோடு. எந்த இடத்தில் குலுங்குகிறது, எந்த இடத்தில் தயங்குகிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். கூண்டை மெதுவோட்டத்தில் மேலே அனுப்பினாள். கோடு ஏறியது, பிறகு ஒரு சிறு நடுக்கமும் இல்லாமல் மட்டமாக நீண்டது. காற்றில்லாத சாயங்காலத்தில் ஏரி கிடப்பதுபோல் கிடந்தது. இவ்வளவு சுத்தமான கோட்டை அவள் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

“கோடு எப்படிக்கா?”

“படுத்திருக்கு,” என்றாள். சொன்னபோது அவள் முகத்தில் புன்னகை இருந்தது.

திரையை மாற்றிவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை என்றால் அது முழு உண்மை ஆகாது. ஒரு கணம் தோன்றியது. அவனிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டு யார் மாரடிப்பது என்று அடுத்த கணம் தோன்றியது. இரண்டாவது தோன்றியதுதான் அவளுக்குப் பழக்கமானது. அதனால் அது ஜெயித்தது.

*

மருத்துவமனை லிஃப்ட் நான்காம் மாடியில் ஒரு குதி குதித்து நின்றது. யாரோ கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தாள். தாழ்வாரத்து இரும்பு நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அழுகைப் பக்கம் முடிந்து அலை மேலே திரும்பும் நேரம்போல இருந்தது முகம்.

“வந்துட்டியா? நேத்தே வருவேன்னு பார்த்தேன்.”

“வேலை இருந்துச்சு.”

“உனக்கு என்னிக்கு வேலை இல்ல? என் கல்யாணத்தன்னிக்கே பாதியில போனவதானே.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“ஒரு விரல் தேறிடுமாம். இன்னொண்ணு தெரியாதாம். இவர் என்னடான்னா நர்ஸ்கிட்ட ஜோக் அடிக்கறார். மோதிர விரல் போனா போகட்டும் சிஸ்டர், என்கிட்ட மோதிரமே இல்லைன்னு.” சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். “ரெண்டு நாளா அப்படித்தான் இருந்தார். இன்னிக்கு மத்தியானம் ஆபீஸ்லேருந்து ஒரு ஆள் வந்து பேப்பர் குடுத்துட்டுப் போனதுலேருந்து பேச்சே இல்ல.”

“என்ன பேப்பர்?”

“உனக்குத் தெரியாதாக்கும்! எனக்கு கிராஃப் புரியல, அதனாலதான் இப்படி ஆச்சுன்னு எழுதித் தரணுமாம். தந்துட்டா இனிமே லிஃப்ட் பக்கமே விடமாட்டாங்களாம். வாசல்ல உக்கார வெப்பாங்களாம், போற வர்றவனுக்கு சல்யூட் அடிக்க.”

“உயிர் இருக்கில்ல. அதைப் பாரு.”

“இப்படி ஒரு ஆறுதலை நீதான் சொல்லமுடியும்.” தங்கை எழுந்து நின்றாள். அவளைவிட ஒரு சாண் குள்ளம். அண்ணாந்து பார்த்துத்தான் சண்டை போடவேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். “ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. ஒரு முட்டாளைப் போய்க் கட்டிக்கறியேன்னு அப்பா முன்னாடி சொன்னியே. அப்போ கோவத்துல சொன்னே. இப்ப நிதானமா சொல்லு. அவர் அவ்வளவு முட்டாளா? ஓடற லிஃப்ட்டுக்குள்ள கைய விடற அளவுக்கு?”

பதில் சுலபம். ‘இல்லை’ என்றால் போதும். அந்த மூன்றெழுத்துக்குப் பின்னால் வரிசையாக வேறு என்னென்ன வந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

“அவர் உன்கிட்ட என்ன சொன்னார்?” என்றாள்.

“என்கிட்டயா? ஒண்ணும் சொல்லல. எப்படிங்க ஆச்சுன்னு கேட்டா, அக்காவுக்குத் தெரியும்கறார். அக்கா வரட்டும்கறார். அக்கா அக்கான்னு உன் பேரைத்தான் ஜபிச்சுக்கிட்டிருக்கார், போ.”

*

ஜன்னலோரக் கட்டில். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். கட்டுப் போட்ட கை தொட்டிலில் கிடப்பதுபோல் ஒரு தலையணைமேல் கிடந்தது.

“படு, படு,” என்றாள். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

“வாங்கக்கா. உக்காருங்க. சாப்பிட்டீங்களா?”

எரிச்சலாக வந்தது. விரல் போனவன் விசாரிக்கிற விசாரிப்பா இது. ஒரு வார்த்தை கோபமாகக் கேட்டுவிட்டால் தேவலை என்றிருந்தது. நீ மட்டும் ஒழுங்கா என்று அவன் ஆரம்பித்தால், ‘நிறுத்துங்க’ன்னு நீ ஏன் சொல்லல என்று இவளும் ஆரம்பிக்கலாம். சட்டப்படி அதற்கு இடமிருந்தது. பதிலை வரும் வழியிலேயே தயார் செய்து வைத்திருந்தாள். இரண்டு பத்தி இருக்கும், நல்ல கோர்வையாக.

“வலிக்குதா?”

“ராத்திரிதான்க்கா. பகல்ல மருந்துல ஓடிடுது.” தலைமாட்டில் இருந்த தாளை இடது கையால் எடுத்தான். “இதைக் குடுத்திருக்காங்க. கையெழுத்து இடது கையிலயே போடலாமாம். போட்டுடறேன்க்கா. எனக்கு ஒண்ணும் அதுல கௌரவம் பாக்கறதுக்கு இல்ல. நான் படிச்சவன் இல்லன்னு ஊருக்கே தெரியும்.”

“சரி.”

“ஆனா புரியலன்னு எழுதச் சொல்றாங்களே, என்ன புரியலன்னு தெரியாம எப்படிக்கா போடறது?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். எதிர்க் கட்டடத்தின் பக்கவாட்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

“ரெண்டு நாளா போட்டுப் பாக்கறேன்,” என்று அவன் போர்வைமேல் இடது கை விரலால் கோடு இழுத்தான். சாய்வாக ஒன்று, அதன் முனையிலிருந்து மட்டமாக ஒன்று, திரும்பச் சாய்வாக ஒன்று. கோணலாக இருந்தாலும் சரியாகத்தான் இருந்தது. “ஏறுனா போகுது. படுத்தா நிக்குது. காலைல அப்படித்தானே சொல்லிக் குடுத்தீங்க? அப்படித்தானே வேலையும் செஞ்சோம்? மத்தியானமும் படுத்திருக்குன்னீங்க. என் காதுல நல்லா விழுந்துச்சு. நிக்குதுன்னு கைய விட்டேன். ஆனா அது நிக்கல.” போர்வையைத் தடவி அந்தக் கோட்டை அழித்தான், ஏதோ நிஜமாகவே மசியில் வரைந்ததுபோல. “நீங்க தப்பா சொல்லமாட்டீங்க. லிஃப்டும் பொய் சொல்லாது. அப்ப நான்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கேன்.”

“இதை ஆபீஸ்ல சொன்னியா?”

“எதை?”

“நான் சொன்ன வார்த்தையை.”

“அவங்க கேக்கலயேக்கா. நிறுத்துங்கன்னு சொன்னியான்னு கேட்டாங்க. இல்லன்னேன். அவ்வளவுதான் எழுதிக்கிட்டாங்க. இதெல்லாம் சொன்னாலும் அவங்களுக்குப் புரியவா போகுது? மலை மாதிரி இருக்கு, பள்ளம் மாதிரி இருக்குன்னு ஏதாவது உளறுவாங்க.” சிரித்தான். அவள் இத்தனை வருஷமாகச் சிரித்த அதே சிரிப்பு. எங்கிருந்து பிடித்துக்கொண்டான் என்று தெரியவில்லை. “நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கற பாஷை அது.”

வாசலில் தங்கை வந்து நின்றாள். கையில் இரண்டு காகிதக் கோப்பைகளில் டீ. உள்ளே வராமல் நிலையில் சாய்ந்துகொண்டாள்.

மாறிலி என்று அவனுக்குத் தான் வைத்த பெயரை அக்கா மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மந்தன் என்றும் சொல்லிப் பார்த்தாள். எப்போதும் சட்டென்று பற்றிக்கொள்ளும் அந்த இகழ்ச்சி நமத்த தீக்குச்சிபோல் சீறிவிட்டு அணைந்தது. பதிலுக்கு மேலாளரை நினைத்தாள், தலைக்கவசத்தை நினைத்தாள். அவர்கள்மேல் அது நன்றாகவே எரிந்தது. ஆனால் அவர்கள் இங்கே இல்லை.

அவன் ஆபீஸ் தாளைத் திருப்பி, எழுத்தில்லாத பின்பக்கத்தை மேலே வைத்து, கட்டிலோர மேசைமேல் நீவினான். மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்து இழுத்து, அவளிடம் நீட்டினான்.

“ஒரே ஒரு உதவி செய்யுங்கக்கா. இதுல வரைஞ்சு காட்டுங்க. காலைல படுத்துச்சே அந்தக் கோடு ஒண்ணு, மத்தியானம் படுத்துச்சே அது ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. நான் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டு, அப்புறமா கையெழுத்துப் போடறேன்.”